ஒரே ஆள், இரண்டு கடிதங்கள்

(வேலை தேடும் இறுதியாண்டு மாணவர்களுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1912-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் தேதி, திருவல்லிக்கேணியில் குடியிருந்த ஓர் இளைஞர் மெட்ராஸ் போர்ட் டிரஸ்டின் தலைமைக் கணக்கருக்கு ஒரு கடிதம் எழுதினார். உங்கள் அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேலை காலியாக இருப்பதாகத் தெரிகிறது, அதற்கு விண்ணப்பிக்கிறேன் என்று தொடங்கினார். மெட்ரிகுலேஷன் தேறியவர், எஃப்.ஏ. என்ற அன்றைய கல்லூரி முதல்நிலைப் படிப்பு வரை படித்தவர், சில பாதகமான சூழ்நிலைகளால் மேலே படிக்க முடியாமல் போனவர், அதன் பிறகு தன் நேரம் முழுவதையும் கணிதத்துக்கே கொடுத்து வருபவர், வேலை கொடுத்தால் அதைச் சரியாகச் செய்ய முடியும் என்ற நம்பிக்கை உள்ளவர். தன்னைப் பற்றி அவர் சொன்னது இவ்வளவுதான். கீழே எஸ். ராமானுஜன் என்று கையெழுத்து.

கணிதமேதை ராமானுஜனின் வாழ்க்கையைப் பள்ளிப் பாடத்தில் படிக்காத பிள்ளைகள் தமிழ்நாட்டில் குறைவு. அவர் வேலை தேடி அலைந்தவர் என்பதைத்தான் நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கிடைத்த உதவித்தொகை, கணிதம் தவிர மற்ற பாடங்களைக் கவனிக்காததால் பறிபோனது. சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. இன்றைய பேச்சு வழக்கில் சொன்னால், அரியர் வைத்துப் படிப்பை விட்டவர். அதற்குப் பிறகு சில ஆண்டுகள் நிலையான வேலை இல்லை. இன்று ஒரு பையன் இந்த நிலையில் இருந்தால், ரெஸ்யூமேயில் அந்த ஆண்டுகளை என்ன சொல்லி நிரப்புவது என்று வீடே உட்கார்ந்து யோசிக்கும்.

ராமானுஜன் அதை ஒரே வாக்கியத்தில் முடித்தார். படிப்பு நின்றதை மறைக்கவில்லை. அதற்காக அழவும் இல்லை. அடுத்த வாக்கியத்திலேயே, படிப்பு நின்ற பிறகு என்ன செய்தார் என்பதற்குப் போய்விட்டார்.

அந்தக் கடிதத்தோடு ஒரு சிறு பரிந்துரையும் போனது. மாநிலக் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் எழுதிக் கொடுத்தது. அதை நிதானமாகக் கவனிக்க வேண்டும். இந்த இளைஞருக்குக் கணிதத்தில், குறிப்பாக எண்கள் சார்ந்த பகுதியில், அசாதாரணமான ஆற்றல் இருக்கிறது என்று முதலில் சொன்னார். அதோடு நிறுத்தியிருந்தால், குமாஸ்தா தேடும் ஒரு கணக்குப் பிரிவுக்கு அதனால் என்ன பயன்? பேராசிரியர் இன்னொன்றும் சேர்த்தார்: கூட்டல் பெருக்கலில் இயல்பான கைத்திறம் உண்டு, எண் வேலையில் மிக வேகமானவர். துறைமுகக் கணக்கருக்குத் தேவைப்பட்டது அந்த இரண்டாவது செய்திதான். மார்ச் 1-ஆம் தேதி ராமானுஜன் வேலையில் சேர்ந்தார்.

அடுத்த ஆண்டு 1913 ஜனவரி 16 அன்று, அதே ஆள் இன்னொரு கடிதம் எழுதினார். இம்முறை பெறுநர் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் கணித அறிஞர் ஜி.எச். ஹார்டி. மெட்ராஸ் போர்ட் டிரஸ்டின் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளத்தில் வேலை பார்க்கும் குமாஸ்தா என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டார். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்பதை இங்கேயும் மறைக்கவில்லை. ஆனால் எண் வேலையில் வேகமானவர் என்பது பற்றி இந்தக் கடிதத்தில் பேச்சே இல்லை. அதற்குப் பதிலாக, ஹார்டி எழுதிய ஒரு சிறு நூலை எடுத்து, அதன் 36-ஆம் பக்கத்தில் நீங்கள் இப்படிச் சொல்லியிருக்கிறீர்கள், ஒரு குறிப்பிட்ட எண்ணுக்குள் எத்தனை பகா எண்கள் இருக்கின்றன என்பதற்குத் திட்டமான கோவை இன்னும் கிடைக்கவில்லை என்கிறீர்கள், நான் ஒன்று கண்டிருக்கிறேன் என்று நேராக விஷயத்துக்கு வந்தார். பின்னால் நூற்றுக்கும் மேற்பட்ட தேற்றங்கள் பக்கம் பக்கமாக இணைக்கப்பட்டிருந்தன.

பகா எண்கள் பற்றிய அந்தக் குறிப்பிட்ட உரிமைகோரல் பிற்பாடு தவறென்று தெரிந்தது. ஆனாலும் கடிதம் வென்றது. உடன் இருந்த மற்ற தேற்றங்களை ஹார்டியும் அவருடைய சக கணித அறிஞர் லிட்டில்வுட்டும் உட்கார்ந்து பார்த்தார்கள். எழுதியவரின் தரம் அவற்றிலேயே தெரிந்தது. பிப்ரவரியில் ஹார்டியின் பதில் வந்தது. மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. 1914 மார்ச்சில் ராமானுஜன் கப்பல் ஏறினார்.

ஹார்டிக்கு முன்பு கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வேறு இரண்டு அறிஞர்களுக்கும் அவர் எழுதிப் பார்த்தார், அவர்களிடமிருந்து உதவி வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நல்ல கடிதமும் சில கதவுகளில் திரும்பி வரும்.

இந்த உரையில் சொல்ல வேண்டிய விஷயம் இந்த இரண்டு கடிதங்களுக்கு நடுவில் இருக்கிறது. பதினோரு மாதத்தில் ஆள் மாறவில்லை, படிப்பு மாறவில்லை. வாசிப்பவர் மாறினார், அதனால் கடிதம் மாறியது. இரண்டிலும் பொய் இல்லை. கணக்கருக்கு என்ன தேவையோ அது ஒன்றில். கணித அறிஞருக்கு என்ன தேவையோ அது இன்னொன்றில். நம் பிள்ளைகளோ ஒரே பி.டி.எஃப். கோப்பை நூறு இடத்துக்கு அனுப்பிவிட்டு, ஒருவர்கூடக் கூப்பிடவில்லையே என்று சோர்ந்து உட்கார்கிறார்கள்.

அந்தக் கோப்பில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். மேலே பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம். அடுத்து 'கேரியர் அப்ஜெக்டிவ்': சவாலான சூழலில் என் திறமைகளை முழுமையாகப் பயன்படுத்தி நிறுவனத்தின் வளர்ச்சியோடு நானும் வளர வேண்டும். சீனியர் ஒருவரிடமிருந்து வாங்கிய கோப்பு இது. அந்த சீனியர் தன் சீனியரிடம் வாங்கியது. எந்த நிறுவனத்துக்கும் எந்த வேலைக்கும் பொருந்தும் வாக்கியம் என்பதால், எதற்கும் பொருந்தாத வாக்கியம். பிறகு மதிப்பெண் அட்டவணை. 'பலம்' என்ற தலைப்பில் கடின உழைப்பு, தன்னம்பிக்கை, குழுவாகப் பணிபுரிதல். பொழுதுபோக்கு: பாட்டுக் கேட்பது. தந்தை பெயர், மதம், திருமணமானவரா, தெரிந்த மொழிகள். கடைசியில், மேற்கண்டவை யாவும் உண்மை என உறுதி கூறுகிறேன், இடம், தேதி, கையொப்பம்.

இதை எழுதிய மாணவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நம் மொழியில் வேலைக்கு மனுப்போடுவதற்கு இருக்கும் சொல்லே 'விண்ணப்பம்'. சோழர் காலக் கல்வெட்டுகளில் அரசனிடம் கோரிக்கை வைப்பதை 'விண்ணப்பம் செய்ய' என்றே பொறித்திருக்கிறார்கள். கேட்பவன் கீழே, கொடுப்பவன் மேலே. பள்ளியில் விடுமுறைக் கடிதம் எழுதிப் பழகிய கையும் அதே பணிவோடுதான் வேலைக் கடிதத்துக்கு வருகிறது: 'தாங்கள் தயைகூர்ந்து எனக்கு ஒரு வாய்ப்பளித்தால் என் குடும்பத்துக்குப் பேருதவியாக இருக்கும்'. வாசிக்கும் மேலாளருக்கு அனுதாபம் வரலாம். ஆனால் அவர் தேடுவது, திங்கட்கிழமை காலையில் நாற்காலியில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கக்கூடிய ஓர் ஆளை.

ஓர் உதாரணத்தை நெருங்கிப் பார்ப்போம். பி.காம். முடித்த ஒரு பெண். ரெஸ்யூமேயில் 'டாலி, ஜி.எஸ்.டி. அறிவு உண்டு' என்று ஒரு வரி. 'அனுபவம்' என்ற இடத்தில் 'இல்லை'. பேச்சுக் கொடுத்தால் வேறு கதை வருகிறது. கல்லூரி முடிந்து மாலையில் சித்தப்பாவின் ஹார்டுவேர் கடைக்குப் போவாள். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது பில் டாலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றுவாள். மாதம் பிறந்ததும் விற்பனை பில்களைச் சரிபார்த்து, 11-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-1 தாக்கல் செய்ய ஆடிட்டருக்கு அனுப்பி வைப்பாள். கடன் வாங்கிப்போன கொத்தனார்களின் பாக்கியைத் தனிப் பட்டியலாகப் போட்டு, தொண்ணூறு நாளைத் தாண்டியவர்களை சித்தப்பாவிடம் சொல்வாள். இரண்டு ஆண்டுகள் இதைச் செய்தவள் தன் கையால் 'அனுபவம் இல்லை' என்று எழுதியிருக்கிறாள். சம்பளம் வாங்கவில்லை, வேலை ஆர்டர் யாரும் கொடுக்கவில்லை, அதனால் அது வேலை இல்லையாம்.

அந்த ஒரு வரியை இப்படி எழுதலாம்: 'குடும்ப ஹார்டுவேர் கடையில் பகுதிநேரக் கணக்குப் பணி, 2 ஆண்டுகள். தினமும் 30 முதல் 40 விற்பனை பில்கள் டாலியில் பதிவு, மாதந்தோறும் ஜி.எஸ்.டி.ஆர்.-1 தாக்கலுக்கான விவரத் தயாரிப்பு. கடன் பாக்கிப் பட்டியல் பராமரிப்பு.' இதில் 'கடின உழைப்பாளி' என்ற சொல் இல்லை. வாசிப்பவருக்கே அது புரிந்துவிடும். எண்ணும், கருவியின் பெயரும், செய்த காரியமும் இருக்கிற இடத்தில் பண்புப் பெயர்கள் தேவைப்படுவதில்லை. குடும்பக் கடை என்பதையும் மறைக்க வேண்டாம். கடைக்காரரான சித்தப்பாவிடமோ, விவரம் வாங்கிக்கொண்ட ஆடிட்டரிடமோ யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஐ.டி.ஐ. படித்த பையன்களின் நிலையும் இதுதான். 'ஃபிட்டர், அப்ரண்டிஸ் முடித்தவர்' என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். கோவையில் ஒரு பம்பு தொழிற்சாலையில் ஓராண்டு இருந்த பையன் எந்த மெஷினில் நின்றான், டிராயிங் பார்த்து வேலை செய்வானா, வெர்னியரில் 0.02 மில்லிமீட்டர் வரை அளந்து பழகியிருக்கிறானா, இரவு ஷிப்ட் பார்த்திருக்கிறானா? சூப்பர்வைசர் கேட்பது இந்தக் கேள்விகளைத்தான். செவிலியர் என்றால் எத்தனை படுக்கை உள்ள வார்டு, தீவிர சிகிச்சைப் பிரிவா, வென்டிலேட்டர் கையாண்டவரா. ஒவ்வொரு தொழிலுக்கும் அந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் இருக்கின்றன. ரெஸ்யூமே அவற்றுக்கு முன்கூட்டியே சொல்லும் பதில்.

இந்த அரங்கில் இருக்கும் அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழு இயக்கம் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கியது. இன்று அந்தக் குழுக்களில் தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு எழுதும் பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். வங்கிக்குப் போய் கடன் மனுப் பேசி, தவணை தவறாமல் கட்ட வைக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பிள்ளைகள் வளர்ந்த பிறகு வேலைக்குப் போக நினைத்தால், 'ஹவுஸ் ஒய்ஃப், பத்து வருட இடைவெளி' என்று எழுதிக் கொடுக்கிறார். குழுவின் ஊக்குநராக எத்தனை ஆண்டு, எத்தனை உறுப்பினர், எவ்வளவு கடன் சுழற்சி என்று எழுதினால் அது கணக்கும் நிர்வாகமும் சேர்ந்த அனுபவம். உண்மையாகவே செய்த வேலையை எழுதாமல் விடுவதும் ஒரு வகையில் தவறான தகவல்தான்.

இடைவெளி உண்மையிலேயே இடைவெளியாக இருந்தால், ராமானுஜன் செய்ததைச் செய்யலாம். ஒரு வரி. அப்பாவின் உடல்நிலைக்காக 2021 முதல் 2023 வரை வேலையில் இல்லை. அடுத்த வரியில், இப்போது என்ன தயாரிப்பு என்பது. விளக்கம் நீண்டால்தான் சந்தேகம் வளரும்.

கவர் லெட்டருக்கு வருவோம். ரெஸ்யூமேயை இணைத்திருக்கிறேன், பார்த்து ஆவன செய்யவும் என்ற ஒற்றை வரியோடு மின்னஞ்சல் அனுப்புவது இங்கே வழக்கமாகிவிட்டது. அந்த மின்னஞ்சலின் உடல்தான் இன்றைய கவர் லெட்டர். தனியாக ஒரு காகிதம் வேண்டியதில்லை. ஆனால் காலியாக விடுவது, பெண் பார்க்க வந்தவர்களின் எதிரே போட்டோவை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருப்பது போன்றது.

ஹார்டிக்குப் போன கடிதம் சுட்டிக்காட்டிய 36-ஆம் பக்கத்தை இங்கே நினைவில் வைக்க வேண்டும். வாசிப்பவரின் உலகத்திலிருந்து ஒன்றை எடுத்து விஷயத்துக்கு வந்தது அந்தக் கடிதம். மருந்து மொத்த வியாபார நிறுவனம் ஒன்று கணக்கு உதவியாளர் தேவை, மாதாந்திர ஜி.எஸ்.டி. வேலையும் கடைகளிடமிருந்து வசூல் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று விளம்பரம் கொடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே பி.காம். பெண் எழுத வேண்டிய கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கும். நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில் போனாலும் விஷயம் இதுதான்:

'வணக்கம். கணக்கு உதவியாளர் பணிக்கான உங்கள் விளம்பரத்தைப் பார்த்து எழுதுகிறேன். மாதாந்திர ஜி.எஸ்.டி. வேலையும் கடைகளிடமிருந்து வசூல் கணக்கும் இந்தப் பணியின் முக்கியப் பகுதிகள் என்று அதில் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டு ஆண்டுகளாக ஒரு ஹார்டுவேர் கடையில் இந்த இரண்டையும் செய்து வருகிறேன்: தினமும் 30 முதல் 40 பில்கள் டாலியில் பதிவு, மாத விற்பனை விவரத்தை ஆடிட்டருக்குத் தயாரித்துக் கொடுப்பது, 90 நாளைத் தாண்டிய பாக்கிகளைப் பிரித்துக் காட்டுவது. மருந்து வியாபாரத்தில் பேட்ச் எண், காலாவதித் தேதி வாரியாகச் சரக்குக் கணக்கு வைக்க வேண்டும் என்று அறிகிறேன். அது எனக்குப் புதிது, கற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறேன். ஜூன் முதல் வேலையில் சேர முடியும். ரெஸ்யூமே இணைப்பில்.'

ஏழு வாக்கியம். விளம்பரத்தைப் படித்திருக்கிறாள் என்பது தெரிகிறது. தெரிந்தது எது, தெரியாதது எது என்று சொல்கிறாள். மருந்து வியாபாரத்துக்கும் ஹார்டுவேர் வியாபாரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை யோசித்திருக்கிறாள். இதே கடிதத்தை ஒரு ஜவுளிக் கடைக்கு அனுப்ப முடியாது. அதுதான் இதன் பலம். ஒரு கடிதத்துக்கு அரை மணி நேரம் ஆகும். நூறு இடத்துக்கு ஒரே கோப்பை அனுப்புவதை விடப் பத்து இடத்துக்கு இப்படி எழுதுவது மேல்.

வாசிப்பவருக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது? லேடர்ஸ் என்ற அமெரிக்க வேலைத் தளம், தேர்வாளர்களின் கண் அசைவைக் கருவி வைத்துப் பார்த்து, முதல் பார்வைக்குச் சராசரியாக 7.4 விநாடி என்று 2018-இல் சொன்னது. ஒரு வணிக நிறுவனம் தானே செய்த ஆய்வு அது; எண்ணை வேதமாகக் கொள்ள வேண்டாம். ஆனாலும் ஒரு பதவிக்கு முந்நூறு பேர் மனுப்போடும்போது முதல் கட்டம் படிப்பாக இருக்காது, புரட்டலாகத்தான் இருக்கும் என்பதை எந்த மனிதவள அலுவலரும் ஒப்புக்கொள்வார். அதனால்தான் புதியவர்களுக்கு ஒரு பக்கம் போதும் என்கிறார்கள். கடைசியாகச் செய்த வேலை முதலில் வர வேண்டும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் முதல் வரியில் இருக்கத் தேவையில்லை.

பெரிய நிறுவனங்களில் மனிதருக்கு முன்னால் மென்பொருள் படிக்கிறது. ரெஸ்யூமேயைப் பிரித்துப் பெயர், படிப்பு, திறன் என்று தன் கட்டங்களில் போட்டுக்கொள்ளும் மென்பொருள் அது. வண்ணப் பட்டைகள், இரண்டு பத்தி அமைப்பு, படமாக ஒட்டிய எழுத்து, திறமைக்கு ஐந்து நட்சத்திரத்தில் நாலு என்று போடும் அலங்காரம் எல்லாம் அந்த மென்பொருளைக் குழப்பக்கூடும். விளம்பரத்தில் 'டாலி பிரைம்' என்றிருந்தால் ரெஸ்யூமேயிலும் அதே சொல் இருக்கட்டும், உண்மையிலேயே தெரிந்தால். பத்திரிகை, மொழிபெயர்ப்பு, தமிழாசிரியர் வேலைகளுக்குத் தமிழில் ரெஸ்யூமே அனுப்புகிறவர்களுக்குத் தனி எச்சரிக்கை: பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. யூனிகோடில் அடியுங்கள். கோப்புக்கு 'நியூ ஃபைனல் 3' என்று பெயர் வைக்காமல் உங்கள் பெயரை வையுங்கள்.

அடுத்தது கொஞ்சம் கனமான விஷயம். ரெஸ்யூமேயில் இருக்கும் பெயரே ஒருவரின் வாய்ப்பைக் குறைக்குமா? இந்தியாவில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்ற இரு ஆய்வாளர்கள் 2007-இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில் வெளியிட்ட ஆய்வு அது. தனியார் நிறுவனங்கள் நாளிதழ்களில் கொடுத்த 548 விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. தகுதி சமம். பெயர் மட்டும் உயர்சாதி இந்துப் பெயர், தலித் பெயர், முஸ்லிம் பெயர் என்று மாறியது. உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை ஒன்று என்று வைத்தால், தலித் பெயருக்கு அது 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33.

பெயரில் சாதி தெரிவதை எதிர்த்து, 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து நீக்கச் சொன்னது. அதன் பலனாக இன்று தமிழ்நாட்டு இளைஞரின் ரெஸ்யூமேயில் பெயரும் தலைப்பெழுத்தும்தான் இருக்கின்றன. ஏறக்குறைய நூறாண்டுக்கு முன்னால் நம் பெரியவர்கள் வாங்கிக் கொடுத்த ஒன்றை, 'மதம்', 'சமூகம்', 'தந்தையின் தொழில்' என்று கீழே மூன்று வரி எழுதி நாமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம். அரசுப் பணிக்கான படிவத்தில் இட ஒதுக்கீட்டுக்காக அவற்றைக் கேட்பார்கள். அங்கே சான்றிதழோடு நிரப்புவது உரிமை. தனியார் நிறுவனத்துக்கு அந்த வரிகள் எதற்கு? நேர்முகத்துக்கு அழைக்கும் இடத்தில் இருப்பவர்கள் யாராவது இந்த அவையில் இருந்தால், உங்கள் படிவத்தில் அந்தக் கட்டங்கள் இருக்கின்றனவா என்று நாளைக்கே பாருங்கள். ஆதார் எண், பான் எண், வங்கி விவரம் ஆகியவற்றையும் ரெஸ்யூமேயில் போடக் கூடாது. வேலை தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவர்களின் கையில் அவை போய்ச் சேருகின்றன.

போலி அனுபவம் பற்றியும் சொல்லியாக வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு இரண்டு வருட அனுபவச் சான்றிதழ் தயாரித்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது இங்கே பலருக்கும் தெரியும். 2014 முதல் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிக்கு யு.ஏ.என். என்ற ஒரே எண் நடைமுறைக்கு வந்துவிட்டது. எந்த நிறுவனம், எந்த மாதம் சேர்ந்தது, எந்த மாதம் விலகியது என்பது அந்தக் கணக்கில் வரிசையாக இருக்கும். சரிபார்ப்பு நடத்தும் நிறுவனம் பல நேரம் அதைக் கேட்கிறது. வேலையில் சேர்ந்து ஆறு மாதம் கழித்துக் கண்டுபிடிக்கப்பட்டு வெளியேற்றப்படும் பிள்ளைக்கு, வேலை கிடைக்காமல் இருந்த காலத்தைவிட அது பெரிய அடி. அந்தச் சான்றிதழ்களுக்குக் காசு கொடுக்கும் பெற்றோரிடம் கையெடுத்துக் கேட்கலாம்: கொடுக்காதீர்கள்.

வெளிநாட்டுக்கு மனுப்போடுபவர்களுக்குச் சுருக்கமாக. அமெரிக்காவுக்கு அனுப்பும் ரெஸ்யூமேயில் புகைப்படம், வயது, மதம், திருமண விவரம் கூடாது. ஜெர்மனியில் புகைப்படம் வைப்பது இன்னும் பரவலாக உள்ள வழக்கம். வளைகுடாவில் புகைப்படமும் விசா நிலையும் எதிர்பார்க்கிறார்கள். போகும் ஊரின் வழக்கத்தை விசாரித்துவிட்டு எழுதுவது நல்லது.

கடைசியாக, பரிந்துரை. ராமானுஜன் தன் நோட்டுப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு, இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவிய ராமசாமி ஐயரிடம் வேலை கேட்டுப் போனார். அவர் டெபுடி கலெக்டர். தன் அலுவலகத்தில் ஒரு வேலை போட்டுக் கொடுத்திருக்கலாம். அதைச் செய்யாமல் சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அந்தச் சங்கிலியில் வந்தவர் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ். சில காலம் ராமானுஜனின் மாதச் செலவை அவரே ஏற்றுக்கொண்டார். மிடில்மாஸ்டின் நாலு வரிகளால் போர்ட் டிரஸ்ட் கடிதம் வலுப்பெற்றது. தகுதி அறிந்து ஒருவர் எழுதிக் கொடுக்கும் நாலு வரி சிபாரிசாகாது. சிபாரிசு உறவைச் சொல்லும். பரிந்துரை வேலையைச் சொல்லும்.

தமிழுக்கு இது புதிதில்லை. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படை. அவற்றில் நான்கு, பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன் வழியில் பசியோடு வரும் இன்னொரு கலைஞனைப் பார்த்து, இன்ன வழியாகப் போ, இன்னாரிடம் போ என்று சொல்லும் அமைப்பில் எழுதப்பட்டவை. வேலை கிடைத்தவன் வேலை தேடுபவனுக்கு வழி சொல்வதை ஓர் இலக்கிய வகையாகவே வைத்திருந்த மொழி இது.

எனவே மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று இரவு ரெஸ்யூமே கோப்பைத் திறக்க வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, கடந்த இரண்டு ஆண்டுகளில் கடையில், வீட்டில், கல்லூரியில், தறியில், வயலில், கோயில் திருவிழாக் கணக்கில் நீங்கள் என்னென்ன செய்தீர்கள் என்று தமிழிலேயே எழுதுங்கள். அத்தைக்குச் சொல்வதுபோல எழுதுங்கள். எத்தனை, எவ்வளவு, எதை வைத்து என்பதையும் எழுதுங்கள். அதிலிருந்து எடுத்துத்தான் நாளைக்கு ஆங்கிலத்தில் ரெஸ்யூமே எழுத வேண்டும்.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு வேண்டுகோள். இந்த மாதம் உங்கள் தெருவில் வேலை தேடும் ஒரு பிள்ளையின் ரெஸ்யூமேயை வாங்கிப் படியுங்கள். உங்கள் துறை என்றால் எந்த வரி வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று பேனாவால் குறித்துக் கொடுங்கள். அந்தப் பிள்ளையின் வேலையை நீங்கள் நேரில் பார்த்தவராக இருந்தால், கூடவே நாலு வரி எழுதி அனுப்புங்கள்.